கடையில் குறை கண்டால்: விடுவதா, சொல்வதா, யாரிடம் சொல்வது?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு பெரிய கடை, அல்லது பாலையூற்றில் ஓர் ஒழுங்கை மூலைச் சிறுகடை. கையில் எடுத்த யோகட்டின் திகதி போன கிழமையோடு முடிந்திருக்கிறது. அல்லது றாக்கையில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் விழுந்த விலை வேறொன்று. அல்லது சாமான் வைக்க முன்பே தராசு 20 கிராம் காட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் வரிசையில் ஆட்கள். என்ன செய்வது?

வழிகள் ஐந்து. பேசாமல் பொருளை வைத்துவிட்டு வரலாம். எதிரே நிற்கும் ஊழியரிடம் சொல்லலாம். முதலாளியையோ முகாமையாளரையோ தனியே கண்டு சொல்லலாம். அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம். முகநூலில் போடலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடம்புக்கோ காசுக்கோ கேடு தரும் குறையென்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் யாரிடம், எந்த நேரத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு என்பது குறைக்குக் குறை மாறும். அதைத் தெரியாமல் சொல்வதால்தான் சொன்னவருக்கும் மனத்தாங்கல், கடைக்காரருக்கும் கோபம், குறை மட்டும் அப்படியே இருக்கும்.

பேசாமல் விடுவது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். காரணமும் விளங்கக்கூடியதே. தெரிந்த கடை, தெரிந்த முகம், நாளைக்கும் போக வேண்டிய இடம். "எனக்கேன் வம்பு" என்று திகதி முடிந்ததை றாக்கையின் பின்னுக்குத் தள்ளிவிட்டு, புதியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

பின்னுக்குத் தள்ளியது அங்கேயே இருக்கிறது. அதை அடுத்து எடுப்பது யார்? காசைக் கையில் பொத்திக்கொண்டு தனியே கடைக்கு வரும் பிள்ளை திகதி பார்ப்பதில்லை. கண் மங்கிய முதியவருக்கு அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை. கொப்பிக் கணக்கில் வாங்கும் குடும்பத்துக்குத் திகதி தெரிந்தாலும் வாய் திறக்க முடிவதில்லை. வாடைக் காலத்தில் கடல் குழம்பித் தொழில் படுத்துவிடும் மாதங்களில், திருக்கடலூர், சாம்பல்தீவுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு கடன் கொப்பியை நம்பித்தான் எரிகிறது. கடன் பாக்கி உள்ளவர், "இது பழசு" என்று சொன்னால் அடுத்த முறை கொப்பி திறக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கைக்காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தப் பயம் இல்லை. அவர் பேசாமல் போனால், பேச முடியாதவரின் தலையில்தான் அது விடியும். பேச வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களிடம் இல்லை.

கடைக்காரருக்கும் மௌனம் நன்மை செய்வதில்லை. பால் பொருள், பிஸ்கட் போன்றவற்றைக் கொண்டுவரும் விநியோகத்தர்கள் பலர், திகதி முடிய முன்போ முடிந்த கையோடோ சொன்னால் மாற்றித் தருவார்கள். நாட்கள் கடந்தால் நட்டம் முழுக்கக் கடைக்கே. பின்வரிசையில் மறந்துபோன ஆறு கோப்பை யோகட்டை வாடிக்கையாளர் ஒருவர் இன்றைக்குக் காட்டிக்கொடுத்தால், அடுத்த முறை விநியோக வான் வரும்போது அவற்றைத் திருப்பி அனுப்ப வழியுண்டு.

பேசாமல் விடத்தக்கவையும் இருக்கின்றன. பொருளில் அச்சிட்ட விலைக்குள் நின்று, பக்கத்துக் கடையைவிடக் கூடுதலாக விற்றால் அது அவர் விருப்பம். வாங்காமல் வந்தால் போதும். களைத்துப்போன ஊழியர் ஒரு தரம் முகம் சுளித்ததும், வரிசை ஒரு நாள் நீண்டதும், அரிசியில் இரண்டு வண்டு ஓடியதும் அப்படித்தான். வண்டு தரக்குறைவு, நஞ்சல்ல. இவற்றுக்கெல்லாம் குரல் எழுப்பினால், உண்மையில் சொல்ல வேண்டிய நாளில் நம் சொல்லுக்கு எடை இராது.

உடம்புக்குக் கேடானவை: அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே

இந்த வகைக்கு நாளை என்ற பேச்சே கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிர்பெட்டிகள் மூச்சுத் திணறித்தான் ஓடுகின்றன. குளிரூட்டிய உணவு 5 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்; உறைந்தது கழித்தல் 18 பாகையில். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் உறைபெட்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. காலையில் பெட்டி மறுபடி குளிர்ந்துவிடும், அடையாளம் மட்டும் மிஞ்சும். ஐஸ்கிறீம் ஒரு பக்கம் சரிந்து இறுகியிருக்கும், மூடிக்குக் கீழே பனித்தூள் படிந்திருக்கும். கோழிப் பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக நிற்கும், அடியில் சிவந்த தண்ணீர் உறைந்து கிடக்கும். இதைக் கண்டால் உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம்.

யோகட் மூடி மேலே உப்பியிருந்தால் உள்ளே நுண்ணுயிர் வாயு விடுகிறது. திகதி மிச்சமிருந்தாலும் அது கெட்டதுதான். ரின்மீன் உப்பியிருந்தால் இன்னும் பாரதூரம். திறந்து மணந்து பார்க்க வேண்டாம். பொட்டுலிசம் எனும் நோயைத் தரும் நஞ்சு மணத்தாலோ நிறத்தாலோ காட்டிக்கொடுக்காது. நெளிந்த ரின்னில் நெளிவு எங்கே என்று பாருங்கள். நடு உடலில் மெல்லிய நெளிவு பெரிதல்ல. மேல், கீழ் விளிம்புத் தையலிலும் பக்கத் தையலிலும் விழுந்த நெளிவு காற்றை உள்ளே விடும். விரலால் துடைத்தால் போகும் கறளும், துடைத்த பின்னும் குழி தெரியும் கறளும் ஒன்றல்ல. கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. செத்தல் மிளகாயிலும் நிலக்கடலையிலும் பூஞ்சணம் கண்டால் வண்டைப்போல் எண்ணி விடக்கூடாது. அதில் உண்டாகும் அஃப்லாடொக்சின் சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. சூரை போன்ற மீன் வெயிலில் கிடந்து உண்டாகும் ஹிஸ்டமினும் அப்படியே: நன்றாகக் காய்ச்சினாலும் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும்.

இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது அந்தப் பகுதியில் நிற்கும் ஊழியருக்கு. முகாமையாளரைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். பொருளை எடுத்து நீட்டி, குறையுள்ள இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். ஊழியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தாலும் விரல் வைத்த திகதி அவருக்கு விளங்கும். வார்த்தை இவ்வளவு போதும்:

"தம்பி, இதின்ர திகதி முடிஞ்சுபோச்சு. பின்னால இருக்கிறதுகளையும் ஒருக்காப் பாருங்கோ."

இரண்டாவது வசனம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு கோப்பையை மட்டும் மாற்றித் தருவார். அதே பெட்டியில் வந்த மற்றவை றாக்கையிலேயே இருக்கும். குறையுள்ளதைக் கையில் எடுத்து ஊழியரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். மறுபடி றாக்கையில் வைத்தால் நீங்கள் சொன்னதற்குப் பயனில்லை.

உணவு அல்லாத ஆபத்துகளும் இதே வகை. குளிர்பெட்டியின் கைபிடியைத் தொட்டதும் விறுவிறுத்தால் பெட்டியின் உடலில் மின்கசிவு இருக்கிறது. ஈரக் காலோடு அடுத்த பிள்ளை தொட்டால் உயிராபத்து. உடனே சொல்லி, செருகியைக் கழற்றும்வரை அந்தப் பக்கம் ஆள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு மணந்தால் சுவிட்சைத் தொடாமல், போனையும் வெளியே வந்த பிறகே எடுத்துப் பேசுங்கள். தண்ணீர் சிந்திய மாபிள் தரை, மேல்தட்டில் சரிந்து நிற்கும் பெட்டிகள், அரிசி மூடை அடுக்கி அடைத்த பின்வாசல் எல்லாம் ஒரு வார்த்தையில் தீரும்.

விலை: பில் முடிய முன்

றாக்கை விலைக்கும் பில் விலைக்கும் வித்தியாசம் வந்தால் உடனே களவு என்று எண்ணுவது தவறு. பல கிளைகள் உள்ள கடைகளில் விலை கணினியில் மாறுவது ஒரு நேரம். தாள் துண்டை அச்சடித்துத் தட்டில் மாற்றுவது இன்னொரு நேரம். இடையில் சில மணித்தியாலம், சில வேளை சில நாள் இடைவெளி. காசாளர் பிள்ளைக்கு அதில் ஒரு கையும் இல்லை. ஆகவே காசாளரிடம் கேள்வியாகக் கேளுங்கள்: "தங்கச்சி, தட்டில 480 எண்டு கிடக்கு, இதில 520 விழுந்திருக்கு. ஒருக்காச் சரிபாக்கிறீங்களா?" கேட்க உகந்த நேரம், திரையில் பொருள் விழும்போது. காசு கொடுத்த பின் திருத்துவதற்குப் பல கடைகளில் மேற்பார்வையாளரின் திறப்போ இலக்கமோ வேண்டும். வரிசை நிற்கும், எல்லோருக்கும் சினம் வரும்.

பொதியில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி அது குற்றம். அச்சிட்ட விலையை அழிப்பதும் மறைத்து ஒட்டுவதும் அதே சட்டத்தில் தடை. பொருளின் மேல் இரண்டு ஒட்டுத்துண்டு இருந்தால் மேலே இருப்பதைச் சற்று உயர்த்திப் பாருங்கள்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பருவத்தில் அடிக்கடி நடப்பது தண்ணீர்ப் போத்தல் விவகாரம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டு விலைப்படி 500 மில்லிலீற்றர் போத்தல் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. "கூலிங் காசு" என்று 20 ரூபா கூட்டி வாங்குவதற்கு அதில் இடமில்லை. அரிசிக்கும் இப்படி உச்சவரம்பு வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் உள்ளூர்ப் பச்சரிசிக்கு 220, நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரிச்சம்பாவுக்கு 260 ரூபா என்று வர்த்தமானி வந்தது. இந்த விலைகள் காலத்துக்குக் காலம் மாறும். வாதாட முன் அன்றைக்கு நடைமுறையில் இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய விலையைச் சொல்லிச் சண்டை பிடித்தால் நியாயம் கடைக்காரர் பக்கம் போய்விடும்.

பில் கேட்டு வாங்குவது உரிமை. கேட்டால் திகதி, அளவு, விலை குறித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டம். சிறுகடையில் அச்சிட்ட பில் இல்லாவிட்டாலும் துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். சூட்டுத்தாளில் அச்சடிக்கும் பில் வெயிலிலும் பணப்பையிலும் மங்கிப்போகும். பெரிய சாமான் என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

மிச்சக்காசு கூடுதலாக வந்தாலும் சொல்ல வேண்டும். மாலையில் காசுப் பெட்டியில் கணக்குக் குறைந்தால் காசாளரின் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் இருக்கின்றன. 500 ரூபா அந்தப் பிள்ளைக்கு அரைநாள் கூலிக்குக் கிட்ட வரும்.

நிறை: சொல்ல முன் சோதியுங்கள்

நிறை குறைகிறது என்பது மற்றக் குறைகளைவிடக் கடுமையான வார்த்தை. கேட்டவருக்கு "நீ கள்ளன்" என்றுதான் காதில் விழும். அதனால் இங்கே சோதனை முதல், பேச்சு பிறகு.

மின்தராசு வெறுமையாக இருக்கும்போது பூச்சியம் காட்ட வேண்டும். தட்டுக்கு அருகே ஒரு சிறு நீர்க்குமிழி இருக்கும். அது வட்டத்தின் நடுவில் நிற்காவிட்டால் தராசு சரிந்திருக்கிறது, நிறை பிழைக்கும். மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றினால் கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டே இருக்கும். முந்திய ஆளின் பாத்திர நிறையைக் கழித்ததை மறந்திருந்தால் வெறுந்தட்டில் கழித்தல் குறி தெரியும்; அந்த நட்டம் கடைக்கு. தட்டில் ஒட்டிக்கிடக்கும் வெங்காயத் தோலும் மீன் தண்ணீரும் உங்கள் கணக்கில் ஏறினால் நட்டம் உங்களுக்கு.

சந்தேகம் தீர எளிய வழி: அதே கடையில் இருந்து முத்திரை உடைக்காத ஒரு கிலோ சீனிப் பொதியை எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே 1,000 கிராம், மேலே பொலித்தீனின் சில கிராம். தராசு 1,000க்குச் சற்று மேல் காட்ட வேண்டும். அந்தப் பொதி 1,050 காட்டினால் தராசு கிலோவுக்கு ஏறக்குறைய 50 கிராம் கூட்டிச் சொல்கிறது, அதாவது உங்களுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைகிறது. கிலோ 2,000 ரூபாவுக்கு விற்கும் கருவாட்டில் அது 100 ரூபா. ஒரு பொதி மட்டும் பிழையாக இருக்கவும் கூடும், இரண்டாவது பொதியும் அப்படியே காட்டினால் தராசில்தான் பிழை. இந்தச் சோதனையைக் கடைக்காரரின் கையாலேயே செய்விப்பதுதான் இதில் உள்ள நன்மை. குற்றச்சாட்டு என்ற பேச்சே எழாமல் பிழை வெளிவந்துவிடும்: "நானா, உங்கட தராசு கொஞ்சம் விலகி நிக்குது போல, ஒரு சீனிப் பக்கற் வச்சுப் பாப்பமா?"

வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தில் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அது. முத்திரை பழையதென்றால் கடைக்காரரிடம் நினைவூட்டலாம்.

பாணுக்கும் கணக்குண்டு. 2024இல் வந்த நியமப்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், 13.5 கிராம் வரை குறையலாம். அரை இறாத்தல் 225 கிராம், குறைவு 9 கிராம் வரை. வீட்டில் சமையல் தராசு இருந்தால் சூடு ஆறிய பிறகு நிறுத்துப் பாருங்கள். ஒரு நாள் பாண் குறைந்ததற்காகப் பேக்கரியோடு முறைப்பட வேண்டாம். மூன்று நாலு நாள் தொடர்ந்து 430க்குக் கீழ் நின்றால் அது மா குறைத்துப் போடும் கணக்கு. எரிவாயுச் சிலிண்டரில் வெற்று நிறை பொறித்திருக்கும், அதோடு 12.5 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்தம். கடையை விட்டு வெளியே கொண்டுபோன பின் கதைத்துப் பயனில்லை.

ஊழியரா, முதலாளியா

ஒரு பொருளின் குறை ஊழியருக்கு. நடைமுறையின் குறை முதலாளிக்கு. இந்த ஒரு கோடு போட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இரவில் பெட்டி நிறுத்துவது, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்காமல் மாறி அடுக்குவது, சலவைத்தூளையும் மாவையும் ஒரே தட்டில் வைப்பது, எல்லாப் பில்லிலும் 5 ரூபாவுக்குப் பதில் டொபி கொடுப்பது ஆகியவை ஊழியர் முடிவெடுத்தவை அல்ல. அவரிடம் சத்தம் போட்டால் தலை குனிந்து நிற்பார். நாளைக்கும் அதுவே நடக்கும்.

முதலாளியிடம் சொல்ல உகந்த நேரம், கடை திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள், அல்லது மத்தியானம் சனம் குறையும் வேளை. மாலை ஆறு மணிக்கு, ஆட்கள் முன்னால் சொன்னால், தன் கடையின் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், குறையைப் பார்க்க மாட்டார். ஊழியரின் பெயரைச் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்: "ஐயா, பால் பெட்டியில ரெண்டாவது தட்டு, நேத்தும் இண்டைக்கும் குளிர் இல்லை." பெயர் சொன்னால் தண்டனை ஊழியருக்கு, இடம் சொன்னால் திருத்தம் பெட்டிக்கு. நல்ல ஊழியர் ஒருவர் குறையை உடனே சரிசெய்திருந்தால் அவர் பெயரை மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

கிளைக் கடை என்றால் முகாமையாளருக்குச் சொன்னதோடு, பில்லின் அடியில் இருக்கும் இலக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ இரண்டு வரி எழுதுங்கள். திகதி, நேரம், பில் இலக்கம், பொருளின் பெயர், தொகுதி இலக்கம். கிளையில் புதிய பெட்டி வாங்கும் அதிகாரம் முகாமையாளருக்கு இருப்பதில்லை. உங்கள் கடிதம் அவருக்கே துணையாக வரும்.

சில விடயங்களை முதலாளியிடம் சொல்லக்கூடாது. 16 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைத்திருப்பதைக் கண்டால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு நேரே அழையுங்கள். முதலாளிக்குச் சொன்னால் பிள்ளையைப் பின்கட்டில் மறைப்பார். வேறொரு வாடிக்கையாளர் பொருளை மறைப்பதைக் கண்டதாக எண்ணினால், கண்ணால் கண்டதை மட்டும் ஊழியரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு விலகுங்கள். உடையையும் ஆளையும் வைத்து ஊகிப்பதைச் சொல்லவே வேண்டாம்.

அதிகாரிகளுக்கு எப்போது

முதலில் கடைக்கே சொல்லுங்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பின், கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற தனி வியாபாரிக்குக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ரூபா, கூடியது ஐந்து இலட்சம். கம்பனி என்றால் ஐந்து இலட்சத்தில் தொடங்கி ஐம்பது இலட்சம் வரை. ஒழுங்கை மூலையில் விற்கும் ஒருவருக்கு ஒரு இலட்சம் கடையையே மூடச் செய்யும். வர்த்தமானி தெரியாமல் பிழைவிட்டவருக்கு ஒரு வார்த்தை சொல்லித் திருந்த இடம் கொடுப்பதே முறை. தெரிந்தும் திரும்பச் செய்பவர், திகதியை அழித்து ஒட்டுபவர், சொன்னதற்கு வைதவர், பொருளை வைத்துக்கொண்டே இல்லை என்பவர் ஆகியோருக்கு இரண்டாம் எச்சரிக்கை தேவையில்லை.

விலை, பில், உத்தரவாதம், ஏமாற்று விளம்பரம் இவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. அழைக்கும் இலக்கம் 1977. எழுத்து மூலம் முறையிடுவதானால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். வானொலிப் பெட்டி, மின்விசிறி போன்றவற்றில் கடைக்காரர் "அடுத்த மாசம் வாங்கோ" என்று இழுத்தடித்து அந்த மூன்று மாதத்தைக் கரைப்பது வழக்கமாக நடக்கிறது. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், கடிதத்தைத் தபாலில் சேருங்கள். பில்லின் பிரதியையே இணையுங்கள், மூலத்தை விடாதீர்கள்.

உணவுச் சுத்தமும் கெட்ட உணவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பீ.எச்.ஐ.) பொறுப்பு. அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்ல வேண்டும். திருகோணமலை, கிண்ணியா, மூதூர் என்று கடை எந்தப் பிரிவோ அங்கே, நீங்கள் வசிக்கும் பிரிவில் அல்ல. பீ.எச்.ஐ.க்கு உதவுவது நீங்கள் திறந்து பாதி உண்ட பொதியைவிட, அதே தொகுதி இலக்கத்தோடு கடையில் திறக்காமல் இருக்கும் பொதி. அதனால் தாமதிக்காமல் சொல்லுங்கள். உங்களிடம் உள்ளதை எறியாமல், கட்டிக் குளிர்பெட்டியில் வைத்து, மேலுறையைப் படம் எடுத்து வையுங்கள். இருக்கும் ஒரே பொதியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முறையிட்டால் காட்ட ஒன்றும் இராது.

முகநூல்: ஏன் கடைசி

படம் எடுத்துப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் ஊருக்கே தெரியும். பெரிய நிறுவனங்கள் அதற்குத்தான் அசைகின்றன என்பதும் பொய்யல்ல. அப்படியிருந்தும் இதைக் கடைசியில் வைக்கிறோம், அதுவும் திருகோணமலையில் மிக உறுதியாக.

இங்கே ஒரு வீதியில் தமிழர் கடைக்குப் பக்கத்தில் முஸ்லிம் கடை, அடுத்தது சிங்களவர் கடை. யோகட் படத்துக்குக் கீழே மூன்றாவது கருத்து யோகட்டைப் பற்றியதாக இராது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓர் உணவகத்தில் கறிக்குள் கண்ட கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி எடுத்த காணொளி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு வந்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை, அது மாக் கட்டி என்றது. அந்தக் கட்டியைப் பொதியில் கட்டிப் பீ.எச்.ஐ.யிடம் கொடுத்திருந்தால் ஆய்வுகூடத்தோடு முடிந்திருக்கும்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவோரைக் குறிவைப்பது. உறுதிப்படுத்தாத குற்றச்சாட்டைப் பெயரோடு போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள். மற்ற எல்லா வழியும் பார்த்து, பதிலே வராமல், மக்கள் உடம்புக்குக் கேடான பொருள் இன்னும் விற்பனையில் இருக்கிறது என்றால் மட்டும் போடலாம். பொருளின் பெயர், தொகுதி இலக்கம், திகதி, யாரிடம் எந்த நாள் முறையிட்டீர்கள் என்பதைப் போடுங்கள். ஊழியரின் முகம், முதலாளியின் இனம், "இவங்கள் எல்லாரும் இப்பிடித்தான்" என்ற வசனம் ஆகியவற்றைப் போடாதீர்கள். கருத்துப் பகுதியை மூடி வையுங்கள்.

சொன்ன பிறகு

ஒரு கிழமை கழித்து அதே கடைக்குப் போய் அதே தட்டைப் பாருங்கள். திருந்தியிருந்தால் அதையும் வாய் திறந்து சொல்லி, வழமைபோல் சாமான் வாங்குங்கள். குறை சொன்னவர் அதோடு வராமல் போனால், சொன்னது கடையைக் கெடுக்கத்தான் என்று கடைக்காரர் எண்ணிவிடுவார். திருந்தாமல் இருந்தால் இரண்டாம் முறை முதலாளியிடம் சொல்லுங்கள், இந்த முறை திகதியோடு: "போன புதன்கிழமையும் சொன்னனான்." அதற்கும் அசையாவிட்டால் அன்றைக்கே 1977, அல்லது உணவென்றால் பீ.எச்.ஐ. முதலில் சொன்ன நாள், இரண்டாவது சொன்ன நாள், யாரிடம் என்பதை போனில் ஒரு வரியாகக் குறித்து வைத்திருந்தால், அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.